எழுதுகோல் உயர்த்தப்பட்டவரும் நம் நாவும்





இம்மாதம் நம் வீடுகளுக்குள் புழங்கும் சில சொற்களைப் பற்றி உங்களோடு பேச விரும்புகின்றேன். அவை கடைத்தெருவில் குடிகாரர்கள் பேசும் கெட்ட வார்த்தைகள் அல்ல. அப்படியானவை நம் பிள்ளைகளின் வாயில் வந்தால் நாம் உடனே கண்டிக்கிறோம். நான் சொல்ல வருபவை, தொழுகின்ற, நோன்பு நோற்கின்ற, குர்ஆன் ஓதுகின்ற வீடுகளிலே யாரும் வெட்கப்படாமலும் யாரும் தடுக்காமலும் பேசப்படும் சொற்கள்.

கிளாஸைக் கீழே போட்டு உடைத்த மகனை "லூசா நீ?" என்கிறோம். கணக்குப் பிழைத்த மகளை "மொக்கு" என்கிறோம். கடைக்கு அனுப்பிய பிள்ளை சீனிக்குப் பதிலாக உப்பு வாங்கி வந்தால் "மோடன்", "விசரன்" என்று ஏசுகிறோம். கோபம் கொஞ்சம் கூடினால் "இவனை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்கிறோம். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஏச்சு வாங்கிய பிள்ளையும் சில வேளை சேர்ந்து சிரிக்கிறது. அத்தோடு விடயம் முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம்.

முடியவில்லை சகோதரிகளே! அந்தச் சொல் மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போகிறது. அங்கே ஓர் உம்மா இருக்கிறாள். அவளுடைய மகனுக்குப் பதினெட்டு வயது. சட்டைப் பொத்தானைத் தானாகப் பூட்டப் பழகியதே பன்னிரண்டாவது வயதில்தான். நீங்கள் உங்கள் பிள்ளைக்கு ஏச்சாகச் சொன்ன சொல், ஊரில் அவளுடைய பிள்ளைக்குப் பெயராக இருக்கிறது. "என் பிள்ளை எப்படி இருக்கிறதோ, அப்படி இருப்பதுதான் உலகத்திலேயே பெரிய கேவலம்" என்றுதான் உங்கள் ஏச்சு அவளுடைய காதில் விழும்.

இரண்டு வேறு நிலைகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அங்கொடை என்பது மனநோயாளருக்கான வைத்தியசாலை இருக்கும் இடம். மனநோய் என்பது நன்றாக இருந்த ஒருவருக்கு இடையில் வரக்கூடிய ஒரு நோய். மருந்து உண்டு, சிகிச்சை உண்டு, பலர் சுகமடைந்து வேலைக்கும் போகிறார்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்பது அதுவல்ல. அது பிறப்பிலிருந்தோ சிறு வயதிலிருந்தோ இருப்பது. கற்றுக்கொள்வதும், விளங்கிக்கொள்வதும், அன்றாடக் காரியங்களைத் தனியாகச் செய்வதும் அந்தப் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளை விட மெதுவாகவும் கடினமாகவும் இருக்கும். உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்நிலை இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு பள்ளிவாசல் மஹல்லாவிலும் இவர்கள் இருக்கிறார்கள். நம் கண்ணில் படவில்லை என்றால், உள்ளே வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இரண்டும் வேறு வேறு என்பது நம் முன்னோரான இமாம்களுக்குப் புதிய செய்தியல்ல. பிக்ஹு நூல்களில் மஜ்னூன் என்று ஒருவரைப் பற்றியும், மஃதூஹ் என்று இன்னொருவரைப் பற்றியும் வரும். முன்னவர் புத்தி சுவாதீனத்தை இழந்தவர். பின்னவர் விளக்கம் குறைந்தவர். கொடுக்கல் வாங்கலில், திருமணத்தில், சொத்தில் இவர்களுடைய உரிமை என்ன, பொறுப்பாளரின் கடமை என்ன என்று இமாம்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பரிகாசம் செய்வதற்காக அல்ல, அவர்களுடைய உரிமை பறிபோகாமல் இருப்பதற்காகவே அந்த வேறுபாட்டைப் பார்த்தார்கள். நாமோ இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டையும் ஏச்சாக்கி வைத்திருக்கிறோம்.

இதற்குக் காரணம் என்ன என்று கேட்பீர்கள். காரணங்கள் பல. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு உடலின் கலங்களில் 46 நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக 47 இருக்கும். 21ஆவது நிறமூர்த்தம் ஒன்று கூடியிருக்கும், அவ்வளவுதான். சில பிள்ளைகளுக்குப் பிரசவ நேரத்தில் மூளைக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்காமற் போயிருக்கும். சிலருக்குச் சிறு வயதில் மூளைக் காய்ச்சல் வந்திருக்கும். சில பரம்பரையாக வருபவை. கர்ப்பிணித் தாயின் உடலில் அயடீன் மிகக் குறைந்தாலும் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அதனால்தான் நம் நாட்டில் 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். பல பிள்ளைகளுக்குக் காரணம் இன்னதென்று வைத்தியர்களாலேயே சொல்ல முடிவதில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். உம்மா செய்த பாவமோ, யாரோ வைத்த கண்ணூறோ, கிரகணத்தில் வெளியே போனதோ இதற்குக் காரணமல்ல. அப்படிச் சொல்பவர் அறிவும் பேசவில்லை, மார்க்கமும் பேசவில்லை.

பெண்களைத் தனியாக அழைத்துச் சொன்ன வசனம்

அல்குர்ஆனில் ஸூறதுல் ஹுஜுறாத்தின் 11ஆவது வசனத்தை நம்மில் பலர் மனனமாகவே ஓதுவோம். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரை விடச் சிறந்தவர்களாக இருக்கலாம் என்று அல்லாஹ் அதில் தடுக்கிறான். அத்தோடு நிறுத்தாமல், பெண்களும் பெண்களைப் பரிகசிக்க வேண்டாம் என்று தனியாகவும் சொல்கிறான். அடுத்து, ஒருவரையொருவர் குத்திப் பேசுவதையும் பட்டப்பெயர்களால் அழைப்பதையும் தடுக்கிறான். ஈமான் கொண்ட பிறகு இத்தகைய பெயர் எவ்வளவு கெட்டது என்றும் எச்சரிக்கிறான்.

குர்ஆனின் பல கட்டளைகளில் ஆண்களை நோக்கிச் சொன்னாலே பெண்களும் அடங்கிவிடுவார்கள். இங்கே பெண்களைத் தனியாகவும் குறிப்பிட்டது ஏன்? வீட்டுப் பேச்சு உங்கள் கையில் இருக்கிறது. ஊரில் ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஒட்டுவதா இல்லையா என்பது பெரும்பாலும் திண்ணையிலும் அடுப்படியிலும் கலியாண வீட்டுப் பின்பக்கத்திலும்தான் தீர்மானமாகிறது. பிள்ளைகள் அதைக் காதால் கேட்டு விளையாட்டுத் திடலுக்குக் கொண்டு போகிறார்கள்.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் ஒரு முறை அன்னை ஸபிய்யா (ரழி) அவர்களின் குள்ளமான உருவத்தைச் சுட்டி ஒரு சொல் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கடல் நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியிருக்கும் செய்தி இது. ஒருவருடைய உயரத்தைப் பற்றிய ஒரு சிறு குறிப்பே கடலைக் கெடுக்குமென்றால், ஒருவருடைய அறிவைப் பற்றிய ஏளனம் எதைக் கெடுக்காது?

உயர்த்தப்பட்ட எழுதுகோல்

மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உறங்குபவர் விழிக்கும் வரை, சிறு பிள்ளை பருவமடையும் வரை, புத்தி சுவாதீனம் இல்லாதவர் தெளிவடையும் வரை. ஓர் அறிவிப்பில் மஃதூஹ் என்ற சொல்லே வந்திருக்கிறது. நன்மை தீமையை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அறிவு எட்டாத ஒருவரின் ஏட்டில் பாவம் எழுதப்படுவதில்லை. (விளக்கம் ஓரளவு உள்ளவர்களும் இவர்களில் உண்டு. அவரவர் விளக்கத்தின் அளவுக்குத்தான் அவரவர் கடமை.)

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை பாதையில் போகிறது. நாம் வாசலில் நின்று ஒரு சொல் சொல்லிச் சிரிக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது. நமக்கு உயர்த்தப்படவில்லை. ஒருவர் பேசும் எந்தச் சொல்லும் கண்காணித்துப் பதிபவர் அருகில் இல்லாமல் வெளிப்படுவதில்லை என்று ஸூறா காஃபின் 18ஆவது வசனம் சொல்கிறது. அந்த இடத்தில் இருக்கும் இருவரில் யாருடைய நிலை பரிதாபத்துக்குரியது? பாவம் எழுதப்படாத அந்தப் பிள்ளையுடையதா? அந்தப் பிள்ளையைப் பற்றிய சொல்லைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்ட நம்முடையதா?

பரிகசிக்கப்படுவோர் சிறந்தவர்களாக இருக்கலாம் என்று அல்லாஹ் சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தையல்ல என்பது இங்கே விளங்குகிறது.

மதீனாவின் ஒரு தெருவில்

ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மதீனாவில் ஒரு பெண்மணி. அவருடைய அறிவில் குறை இருந்தது. அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, உங்களிடம் எனக்கு ஒரு தேவை இருக்கிறது என்றார். தலைக்கு மேல் வேலைகள் உள்ள ஒரு தலைவர் என்ன செய்வார்? "யாராவது இவரைக் கொஞ்சம் அப்பால் அழைத்துப் போங்கள்" என்பார். நபி (ஸல்) அவர்கள் அவரை ஓர் உம்மாவாக, இன்னாருடைய தாயே என்று அழைத்தார்கள். எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அதை அவரே பார்த்துச் சொல்லட்டும், அவருடைய தேவையை நிறைவேற்றித் தருகிறேன் என்றார்கள். எல்லோரும் போய்வரும் பாதையில், ஆனால் அவருடைய பேச்சு மற்றவர் காதில் விழாதவாறு ஓர் ஓரமாக நின்று, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சிறிய ஹதீஸில் மூன்று பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று, அழைத்த விதம். அரபிகளிடத்தில் ஒருவரைக் கண்ணியப்படுத்தி அழைப்பதென்றால், இன்னாரின் தந்தையே, இன்னாரின் தாயே என்று அழைப்பார்கள். ஊரிலுள்ள ஏனைய தாய்மாருக்குக் கிடைத்த அதே கண்ணியம் இந்தப் பெண்மணிக்கும் கிடைத்தது. அறிவில் குறை இருக்கிறது என்பதற்காக ஒரு படி குறையவில்லை.

இரண்டாவது, தெரிவு செய்யும் உரிமை. எங்கே நின்று பேசுவது என்பதை அவரே தீர்மானித்தார். நம் வீடுகளில் இருபத்தைந்து வயதான ஒருவரிடம், "நீலச் சட்டை போடவா, வெள்ளைச் சட்டை போடவா?" என்று யாராவது கேட்கிறார்களா?

மூன்றாவது, அறிவித்தவரின் நாகரிகம். அப்பெண்மணியின் நிலையைச் சொல்லாமல் கதையைச் சொல்ல முடியாது. அனஸ் (ரழி) அவர்கள் என்ன சொன்னார்கள்? அவருடைய அறிவில் ஏதோ ஒன்று இருந்தது என்ற அளவிலேயே சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். பெயரைக்கூட வெளியிடவில்லை. அரபு மொழியில் ஏச்சுச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தேவையான அளவு மட்டும், தேவையான இடத்தில் மட்டும், புண்படுத்தாத சொல்லால் சொன்னார்கள். பதினான்கு நூற்றாண்டுகளாக இந்த ஹதீஸைப் படிக்கும் யாருக்கும் அந்தப் பெண்மணியை ஏளனம் செய்ய ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

"அது" என்று ஒரு மனிதர்

இனி நம் பேச்சுக்கு வருவோம். நம் தமிழில் ஏச்சு என்று தெரியாமலே ஏசும் ஒரு முறை இருக்கிறது. கைக்குழந்தையை "அது தூங்குது", "அது பால் குடிச்சிட்டா?" என்போம். அதில் செல்லம் இருக்கிறது. பிள்ளை நடக்கத் தொடங்கி, பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் அந்த "அது" தானாகவே "அவன்", "அவள்" ஆகிவிடும். வயது வந்தால் "அவர்" ஆகும். அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ளவருக்கு மட்டும் அது மாறுவதேயில்லை. தாடி முளைத்து, முப்பது வயதாகி, தலையில் நரை விழுந்தாலும் "அது சாப்பிட்டுச்சா?", "அதை உள்ளே கூட்டிட்டுப் போ" என்றே சொல்கிறோம். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நாம் பேசுவது அவருக்கு விளங்காது என்று எண்ணுகிறோம். சொற்கள் எல்லாம் விளங்காமல் இருக்கலாம். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், மதிப்பில்லாமல் பேசுகிறார்கள் என்பது விளங்காமற் போவதில்லை. குரலின் தொனியை விளங்கிக்கொள்ளப் படிப்பு வேண்டியதில்லை.

நம் ஊர்களில் தன்னை விட மூத்த ஆணை நானா என்றோ காக்கா என்றோ, மூத்த பெண்ணைத் தாத்தா என்றோ ராத்தா என்றோ சொல்லாமல் பெயர் சொல்லி அழைக்கும் பிள்ளையை நாம் "வளர்ப்புச் சரியில்லை" என்போம். ஆனால் இப்படியான ஒரு மனிதரை எட்டு வயதுப் பொடியன் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். யாரும் அவனுடைய வளர்ப்பைக் குறை சொல்வதில்லை.

எங்கள் பகுதியில் ஒரு கலியாண வீடு. மாப்பிள்ளையின் மூத்த சகோதரருக்கு இந்த நிலை. விருந்தாளிகளின் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கேலி செய்வார்கள் என்று பயந்து, உம்மா அவரைக் காலையிலிருந்தே பின் அறையில் உட்கார வைத்திருந்தார். அவருக்குப் புதிய சாரமும் சட்டையும் வாங்கி உடுத்தியும் விட்டிருந்தார். ஆனால் வெளியே விடத் துணிவு வரவில்லை. அப்போது குடும்பத்தின் வயதான மூத்தம்மா ஒருவர் வந்து எல்லோர் முன்னிலையிலும், "மாப்பிள்ளைட நானா எங்கே? மூத்தவர் இல்லாம என்ன கலியாணம்? அவரக் கூட்டி வந்து முன்னால உட்கார வைங்க" என்றார். வேறு உபதேசம் எதுவும் அவர் செய்யவில்லை. அவர் வந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளைட நானா" என்று ஒருவர் சொன்னதும், சஹனில் அவருக்கு இடம் விட்டார்கள். பிள்ளைகள்கூட அன்று "நானா, தண்ணி வேணுமா?" என்று கேட்டார்கள். அந்த மூத்தம்மாவுக்கு ஸஹீஹ் முஸ்லிமின் அந்த ஹதீஸ் தெரிந்திருக்குமோ என்னவோ, அதன்படி செய்து காட்டினார்.

பெயரை மாற்றினால் போதுமா?

"அப்படியென்றால் என்னதான் சொல்லுவது? நல்ல பெயர் ஒன்றைச் சொல்லித் தாருங்கள்" என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. இதில் மேற்குலகின் அனுபவம் நமக்கு ஒரு பாடம்.

இன்று ஆங்கிலத்தில் வெறும் ஏச்சாக வழங்கும் இடியட், இம்பெஸில், மோரன் என்ற மூன்று சொற்களும் ஒரு காலத்தில் வைத்தியர்களின் ஏட்டில் இருந்தவை. அறிவுக் குறைபாட்டின் அளவுகளைப் பிரித்துக் காட்ட அவற்றைப் பாவித்தார்கள். மோரன் என்ற சொல்லை 1910இல் கொடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளரே உருவாக்கினார். அச்சொற்கள் தெருவுக்கு வந்து ஏச்சாக மாறின. ஆகவே "வளர்ச்சி தாமதமானவர்" என்ற பொருளில் ரிடார்டெட் என்ற சொல்லை மென்மையான சொல்லாகக் கொண்டு வந்தார்கள். சில பத்தாண்டுகளில் அதுவும் பாடசாலை மாணவர்களின் வாயில் ஏச்சாகிவிட்டது. 2010இல் ரோஸா என்ற டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுமியின் பெயரால் அமெரிக்காவில் ஒரு சட்டம் இயற்றி, பல மத்திய அரசுச் சட்டங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கினார்கள்.

டவுன் சிண்ட்ரோமுக்கும் இப்படியொரு கதை உண்டு. 1866இல் லாங்டன் டவுன் என்ற ஆங்கில வைத்தியர், அப்பிள்ளைகளின் கண்களைப் பார்த்துவிட்டு மொங்கோலிய இனத்தின் பெயரை அவர்களுக்குச் சூட்டினார். ஒரு குறைபாட்டுக்கு ஓர் இனத்தின் பெயர்! 1959இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் கூடுதலான அந்த நிறமூர்த்தத்தைக் கண்டுபிடித்ததும், இனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது உறுதியாயிற்று. 1961இல் விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து அப்பெயரைக் கைவிடுமாறு எழுதினார்கள். 1965இல் மொங்கோலிய நாடே உலக சுகாதார நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டது. அப்படியிருந்தும் "மொங்கோல் பிள்ளை" என்ற சொல்லை நம்மில் முதியவர்கள் இன்னும் விடவில்லை.

இதிலிருந்து விளங்குவது என்ன? பழைய சொல்லை விட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் உள்ளத்தில் ஏளனம் இருக்கும் வரை எவ்வளவு அழகான புதுச் சொல்லைக் கொடுத்தாலும் அதையும் நாம் ஏச்சாக்கிவிடுவோம். "விசேட தேவையுள்ளவர்" என்பதைக்கூட இப்போது சில இளைஞர்கள் நண்பனைக் கேலி செய்யப் பாவிப்பதை நான் கேட்கிறேன். ஆகவே முதலாவது விடை, அவருடைய பெயர். உம்மாவும் வாப்பாவும் அகீகா கொடுத்து வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. அதோடு வயதுக்கேற்ற முறை. வைத்தியரிடமோ பாடசாலையிலோ நிலையைச் சொல்ல வேண்டிய தேவை வந்தால், "அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ளவர்" என்று சொல்லுங்கள். தேவையில்லாத இடத்தில் அதையும் சொல்லாதீர்கள்.

இரக்கத்தின் பெயரால்

ஏளனம் மட்டும்தான் புண்படுத்தும் என்றில்லை. இரக்கமாகப் பேசுவதாக நினைத்தும் புண்படுத்துகிறோம். அந்த உம்மாவைக் கண்டதும், பிள்ளை கேட்கவே, "அல்லாஹ்! என்ன சோதனை! இப்படியொரு பிள்ளையை வச்சிக்கிட்டு நீங்க எப்படித்தான் இருக்கீங்களோ!" என்போம். "உங்களுக்குப் பிறகு இதை யார் பார்க்கிறது?" என்று கேட்போம். அந்தக் கேள்வி ஒவ்வோர் இரவும் அவளுடைய தூக்கத்தைக் கெடுப்பது. பதில் இல்லாமல் அதை நாமும் ஏன் கேட்க வேண்டும்?

சோதனைக்குள்ளானவரைக் கண்டால், அதிலிருந்து என்னைக் காத்த அல்லாஹ்வுக்கே புகழ் என்று சொல்லும் துஆ ஹதீஸில் உண்டு. சில பெண்கள் அதை அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சத்தமாக ஓதுகிறார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது அல்அத்கார் நூலில், சோதனைக்குள்ளானவரின் உள்ளம் நோகாதபடி, தனக்கு மட்டும் கேட்கும் அளவில் மெதுவாக இதை ஓத வேண்டும் என்று உலமாக்கள் கூறியதை எடுத்தெழுதுகிறார்கள். பாருங்கள் சகோதரிகளே! அல்லாஹ்வைப் புகழும் வார்த்தையையே ஒருவருடைய மனம் நோகும் என்பதற்காகத் தாழ்த்திச் சொல்ல வேண்டுமென்றால், நம் அனுதாபப் பேச்சுக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்!

சொல் பறிக்கும் உரிமைகள்

"வெறும் சொல்தானே, இதற்கு இவ்வளவு பேச வேண்டுமா?" என்று நினைக்க வேண்டாம். சொல் முன்னே போகும், செயல் பின்னே வரும். "மொக்கு" என்று பெயரான பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி என்ன பயன் என்று வாப்பா நினைக்கிறார். "விளங்காதது" என்று பெயரான பெண் பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால், அவள் காட்டும் சைகையை யாரும் பொருட்படுத்துவதில்லை. வருத்தம் முற்றிய பிறகே வைத்தியரிடம் கொண்டு போகிறார்கள். வாப்பா வபாத்தான பின் சொத்துப் பிரிக்கும்போது, "இதுக்கு எதுக்குப் பங்கு? நாங்கதானே பார்க்கிறோம்" என்ற பேச்சு வருகிறது. அல்லாஹ் விதித்த வாரிசுரிமை அறிவை அளந்து கொடுக்கப்படுவதல்ல. மகன் மகனுக்குரிய பங்கைப் பெறுவான். மகள் மகளுக்குரிய பங்கைப் பெறுவாள்.

ஸூறதுன் நிஸாவின் 5ஆவது வசனத்தைக் கவனியுங்கள். நிர்வகிக்கும் விளக்கம் இல்லாதவர்களிடம் சொத்தைக் கையளித்துவிட வேண்டாம் என்று அல்லாஹ் பொறுப்பாளர்களுக்குச் சொல்கிறான். அதே வசனத்தில், அவர்களுக்கு உணவளியுங்கள், உடை கொடுங்கள், அவர்களிடம் நல்ல வார்த்தை பேசுங்கள் என்றும் கட்டளையிடுகிறான். பணப்பையைக் கையில் கொடுக்க வேண்டாம் என்ற இடத்திலேயே நல்ல சொல்லைக் கொடு என்கிறான்! நிர்வாகத்தைப் பொறுப்பாளர் வைத்துக்கொள்ளலாம். கண்ணியத்தை யாரும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

நாட்டுச் சட்டமும் இப்பிள்ளைகளை மறக்கவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியிலோ வேலையிலோ பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. இவ்வுரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அரசாங்கப் பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகளும் இயங்குகின்றன. ஆனால் வெட்கப்பட்டுப் பிள்ளையை மறைத்து வைக்கும் வீட்டுக்குள் எந்தச் சட்டமும் நுழைய முடியாது. அந்த வெட்கத்தை உண்டாக்கியது ஊரின் சொல்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில் இன்றிலிருந்தே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

உங்கள் பிள்ளையை ஏச வேண்டி வந்தால் செய்த பிழையைச் சொல்லுங்கள். "கவனமில்லாமல் ஓடினாய், கிளாஸ் உடைந்தது" என்பது போதும். அடுத்தவருடைய குறையை எடுத்து உங்கள் பிள்ளைக்கு எறிய வேண்டாம்.

உங்கள் பிள்ளை பாடசாலையிலிருந்து இத்தகைய சொல்லைக் கொண்டு வந்தால் அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது, அதைக் கேட்டால் அவருடைய உம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு இது பெரியவர்களை விட விரைவாக விளங்கும்.

ஊரில் அப்படியான ஒருவரைக் கண்டால் முதலில் அவருக்கே ஸலாம் சொல்லுங்கள், பிறகு கூட வந்தவருக்குச் சொல்லுங்கள். அவரைப் பற்றி உம்மாவிடம் கேட்பதற்கு முன், அவரிடமே "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம். காத்திருங்கள். நபி (ஸல்) அவர்கள் காத்திருந்தார்கள்.

வீட்டில் வயதானவர்கள் பழக்கத்தில் பழைய சொல்லைச் சொன்னால் சபையில் வைத்துத் திருத்த வேண்டாம். அடுத்த வாக்கியத்தில் நீங்கள் அவருடைய பெயரையும் முறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் ஒருவர் விடாமல் அப்படிச் சொன்னால் மற்றவர்கள் வாயும் திரும்பும்.

கலியாணத்துக்கோ கத்தத்துக்கோ அழைக்கும்போது, "பிள்ளையையும் கட்டாயம் கூட்டி வாங்க" என்று வாய் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், விட்டுவிட்டு வரச் சொன்னதாகவே அந்த உம்மா எடுத்துக்கொள்வாள். பல தடவை பட்ட அனுபவம் அவளுக்கு அப்படி.

இக்குறிப்பை வாசிக்கின்ற, அப்படியொரு பிள்ளையைப் பெற்ற சகோதரிக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையை நீங்களே முதலில் பெயர் சொல்லி, முறை சொல்லி அழையுங்கள். தம்பி தங்கையரிடம் "நானாவைக் கூப்பிடு", "தாத்தாவுக்குக் கொடு" என்று சொல்லுங்கள். நீங்கள் எப்படி அழைக்கிறீர்களோ அதைக் கேட்டுத்தான் ஊர் அழைக்கும். அவரை மறைக்க வேண்டாம். பலவீனமானவர்களின் பொருட்டாலேயே உங்களுக்கு உதவியும் உணவும் கிடைக்கின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. உங்கள் வீட்டின் பரகத் யாருடைய பொருட்டால் வருகிறது என்று யாருக்குத் தெரியும்?

எந்த முஸ்லிமின் நாவிலிருந்தும் கையிலிருந்தும் மற்ற முஸ்லிம்கள் பாதுகாப்புப் பெறுகிறார்களோ அவரே முஸ்லிம் என்று நம் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கையை விட நாவையே முதலில் சொன்னார்கள். தனக்காகப் பதில் பேச முடியாத ஒருவர் நம் நாவிலிருந்து பாதுகாப்புப் பெறவில்லையென்றால், வேறு யார் பெற்று என்ன பயன்?

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை நல்லதையே பேசுபவையாக ஆக்குவாயாக. நீ எழுதுகோலை உயர்த்திவிட்ட உன் அடியார்களைக் குறித்து எங்கள் ஏட்டில் தீயது எதுவும் எழுதப்படாமல் காப்பாயாக. அவர்களை வளர்க்கும் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் பொறுமையையும், அந்தப் பொறுமைக்குரிய நற்கூலியையும் நிறைவாகத் தருவாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.